இரண்டாவது ஆணி

அவள் யாருடைய இடத்திலும் உட்கார மாட்டாள். தனக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதை விட்டு எழுந்திருக்கவும் மாட்டாள். இந்த இரண்டு குணத்தையும் ஒரே ஆளிடம் நான் பார்த்தது அவளிடம் மட்டும்தான்.

என் வீட்டுக்காரருக்கு அவள் இரண்டாவதாக வந்தவள். முதலாவது நான். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், ‘உன் பேருக்குக் கீழ போடு அக்கா’ என்பாள். அதற்காக என் பெயரையும் எழுத வேண்டிவரும். இரண்டு பெயரும் இல்லாமலே இது நடக்கட்டும்.

நான் அந்த வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பொங்கலன்று நாலு பேர் முன்னால் அவர் என்மேல் கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கியதே எனக்குப் போதும். அன்றைக்கே பஸ் ஏறி, இருக்கன்குடிக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் வந்து கூப்பிடுவார் என்று ஒரு வருஷம் பார்த்தேன். வரவில்லை. இரண்டாம் வருஷம், வீட்டுக்கு ஒருத்தி வந்துவிட்டாள் என்று சேதி வந்தது.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் திரி சொருகிக்கொண்டிருந்தவள். அங்கே ஓர் அறைக்கு நாலு பேர்தான். அவரவருக்கு நேரே அவரவர் வாசல். ஏதாவது ஒன்று பற்றிக்கொண்டால் நேரே வெளியே ஓட வேண்டும். ஒரே வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். அதனால் அங்கே இடம் என்பது விளையாட்டு இல்லை. அங்கேயே புதிதாக வேலைக்கு வந்த அவளைப் போர்மேன் என் இடத்தில் உட்காரச் சொன்னாராம். என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

“அது அக்கா இடம். எனக்கு வேற ரூமுல குடுங்க” என்றிருக்கிறாள்.

“அவ போயி ரெண்டு வருசமாச்சு. இனி எங்கன வரப்போறா?”

“வருவா. வரும்போது அவளுக்கு ஒரு வாசல் வேணும்ல.”

போர்மேன் சிரித்துவிட்டு அவளை லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார். வேறு அறையில் இடம் காலியாகும்வரை ஆறு மாதம் அங்கேயே கிடந்தாள். என் இடத்தில் பிறகு யாரோ உட்கார்ந்தார்கள், அது வேறு. அவள் உட்காரவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என் வீட்டில் உட்காரத் தெரிந்தவளுக்கு என் இடத்தில் உட்காரத் தெரியாதாக்கும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் என் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு. என்னைவிடப் பத்து வயது இளையவள். கையில் ஒரு துணிப்பை.

“யாரு நீ?” என்றேன், தெரிந்துகொண்டே.

“உங்க வீட்டுல இருக்கிறவ, அக்கா.”

“என் வீடு இது.”

“இது உங்க அம்மா வீடு. உங்க வீடு அங்கன இருக்கு. நான் அதுல இருக்கேன், அம்புட்டுதான்.”

பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினாள். கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்தது. நான் அதை வாங்கி வேலிக்கு வெளியே வீசினேன். கருவேல முள்ளில் போய் மாட்டிக்கொண்டது. அவள் முள்ளு முள்ளாக எடுத்து, ஒரு நூல் இழுபடாமல் சேலையை விடுவித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த வருசம் வாறேன் அக்கா” என்று போய்விட்டாள்.

சொன்னபடி வந்தாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு சேலை. நான் வேண்டாம் என்பேன். அவள் திரும்பக் கொண்டுபோவாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வா என்று நான் சொன்னதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. போகப்போக நான் ‘நீ’ என்று அதட்டிப் பேச, அவளும் ‘நீ’ என்றே பேச ஆரம்பித்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

“அவ்வளவு சேலையையும் நீயே கட்டிக் கிழிக்கிறயாக்கும்” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அது உன் சேலை. நான் எப்படிக் கட்டுவேன்?”

“கட்டித்தான் பாரேன். நீயும் நானாயிருவ.”

“உன் சேலையக் கட்டுனா உன் சேலையக் கட்டுன நானாத்தான் இருப்பேன்” என்றாள். இந்தப் பேச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் இறந்தபோது நான் போனேன். வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள்; கூட்டத்துக்கு வெளியே தெருவில் நின்றேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து, “மூத்தவ வந்திருக்கா, வழி விடுங்க” என்றாள். தலைமாட்டை எனக்கு விட்டுவிட்டுக் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயந்தரமே நான் பஸ் ஏறிவிட்டேன். அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. எனக்கும் பிள்ளை இல்லை, அவளுக்கும் இல்லை. இனிமேல் அவளுக்கும் எனக்கும் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் அவள் வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. அது அவர் போனதால். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. தெருக்கோடியில் ஜெப வீடு ஒன்று இருக்கிறதாம், சிமெண்டுத் தகடு போட்டது. அங்கே போகிறாளாம். கூட்டிப் பெருக்குவது அவள், சாவியும் அவள் கையில். “உனக்கு அங்கயும் ஒரு இடம் கெடச்சிருச்சா?” என்றேன். “கடைசிப் பாயில” என்றாள்.

இது நடந்து கொஞ்ச காலத்தில் புதுக் குடும்ப அட்டை கொடுப்பதற்காக வீடு வீடாக ஆள் வந்து பார்த்து எழுதினார்கள். பழைய அட்டையில் என் பெயர் மேலே, அவள் பெயர் கீழே. ஆள் இல்லாத பெயரை எடுத்துவிடுவோம் என்று எழுத வந்தவர் சொல்லியிருக்கிறார்.

“ஆளு இருக்கு சார். வெளிய போயிருக்கா. வருவா.”

“எத்தனை வருசமா வெளிய போயிருக்காக?”

“எத்தனை வருசமானா என்ன, வேற எந்தக் கார்டுலயாவது அவ பேரு இருக்கான்னு பாருங்க. இருக்காது.”

எழுத வந்தவர் மேலே கேட்டிருக்கிறார். எந்தக் கார்டிலும் இல்லை; புது அட்டையிலும் என் பெயர் மேலேயே நின்றது. என் தம்பி எத்தனையோ தடவை தன் அட்டையில் சேர்த்துவிடுகிறேன் என்றும் நான் சம்மதிக்கவில்லை. ஏன் சம்மதிக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒரு வருஷம், தீபாவளிக்கு ரொம்ப முன்னாலேயே, சீசன் வேலை மும்முரமாக இருக்கும்போது லீவு போட்டு வந்தாள். பையில் சேலை இல்லை.

“எங்க சபையில ஒரு சண்டை, அக்கா. உன்கிட்டக் கேக்கணும்.”

“என்கிட்டயா? நான் மாரியம்மனைக் கும்புடுறவ.”

“உனக்குத்தான் தெரியும்” என்று சொல்லத் தொடங்கினாள்.

வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருக்கிறார். நல்ல மனுஷர், படித்தவர். தோளில் ஓரம் குஞ்சம் வைத்த துண்டு போட்டிருப்பார். இயேசு இஸ்ரவேல் ஜனத்தில் பிறந்தவர், அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்ட மேசியா, அதை மறந்துவிட்டு அவரைக் கும்பிட்டால் வேரை மறந்த மரம் மாதிரி என்று சொன்னாராம். அவர் சொன்னதில் இது இவளுக்கு உயிர். “வாக்குக் குடுத்தது அவுகளுக்கு. நாம பெறத்தியார். நம்மள உள்ள விட்டாரே, அது எம்புட்டுப் பெரிசு” என்று கண் கலங்கினாள்.

போதகர் ஒருநாள் ஆட்டுக்கிடாக் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஊதியிருக்கிறார். நம் ஊரில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் என்ன நினைப்பார்கள்? தெருவே திரண்டு வந்து, “யாரு போயிட்டா?” என்று கேட்டிருக்கிறது. ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டே வந்துவிட்டாளாம். சொல்லும்போது இவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சொன்னாள். இஸ்ரவேலருக்கு ஓய்வுநாள் தொடங்குகிற வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஜெப வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்றாராம் போதகர். பொம்பளைகள் வேலை விட்டு நேரே வந்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் பட்டாசு மருந்து, அலுமினியப் பொடி, தலை முதல் கால் வரை வெள்ளி மாதிரி. நம் பக்கத்தில் வேலையிலிருந்து வந்தவள் குளிக்காமல் அடுப்புப் பக்கம் போகவே மாட்டாள். ஏதோ ஆசையில் அன்றைக்கு மறந்துவிட்டார்கள். இவள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு ஒருத்தியையும் உள்ளே விடவில்லை. “கர்த்தர் காத்திருப்பாரு. மருந்து காத்திருக்காது. குளிச்சிட்டு வாங்க” என்றிருக்கிறாள். விளக்கேற்ற நேரமாகிவிட்டதே என்று முதலில் சங்கடப்பட்ட போதகர், விஷயம் தெரிந்ததும் தீப்பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டாராம்.

“இதுல சண்டை எங்க இருக்கு?” என்றேன்.

சண்டை அதற்குப் பிறகு வந்தது. இனிமேல் நாமும் இஸ்ரவேலராகவே ஆகிவிட வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். பெயரை மாற்ற வேண்டும். சனிக்கிழமை வேலைக்குப் போகக் கூடாது. ஆண்களுக்கு விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, வேண்டும். அதைக் கேட்டதும் ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்களாம். சபை மூப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவுகளைத்தான் கர்த்தர் தள்ளிட்டாரே. அவுக எடத்துல நம்மள வச்சாச்சு. இனி நாமதான் இஸ்ரவேலு. போனவுக பேச்சு எதுக்கு?” என்று அவர் ஒரு பக்கம். பதினைந்து குடும்பம் இரண்டாகப் போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாவியை யாரிடம் கொடுக்கிறாளோ அவர்களுக்கு ஜெப வீடு, மற்றவர்கள் வெளியே.

“உன்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதேன்னா, அக்கா, நான் உள்ள வந்தவ. வெளிய நிக்கிற மூத்தவளுக்கு என்ன தோணும்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.”

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸும் போயிற்று. கடைசியில் சொன்னேன்.

“ஏட்டி, வெளிய நிக்கிறவளுக்கு ரெண்டு வகுத்தெரிச்சல். ஒருத்தி, ‘அவ ஒழிஞ்சா, இனி நான்தான் இங்க எல்லாம்’னு என் பேரை அழிச்சா, அது ஒண்ணு. இன்னொருத்தி என் சேலையக் கட்டிக்கிட்டு, என் பேரை வச்சுக்கிட்டு, நான்தான் அவன்னு தெருவுல திரிஞ்சா, அது ரெண்டாவது. ரெண்டுலயும் நான் இல்லாமப் போயிருதேன்.”

“அப்ப நான் எப்படி இருக்கணும்?”

“நீ நீயா இரு. கதவைச் சாத்தாம இரு.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதை நீயே வந்து சொல்லணும். நான் சொன்னா, வேலைக்காரி பேச்சும்பாக” என்றாள்.

வர மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சிவகாசி பஸ்ஸில் இருந்தேன். அவள் சொல்லைத் தட்ட முடியாமல் வந்தேன் என்று இல்லை. என் வாயிலிருந்து வந்த பேச்சை வேறு ஆள் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று வந்தேன். அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெப வீட்டில் ஒரு பக்கம் போதகரோடு பாதிப் பேர். மறுபக்கம் மூப்பரோடு பாதிப் பேர். நடுவில் வெறுந்தரை. அவள் எப்போதும் போலக் கடைசிப் பாயில், மடியில் சாவியோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்தேன்.

போதகர் ஒலிவ மரத்தைப் பற்றிப் பேசினார். நல்ல ஒலிவ மரத்தில் காட்டு ஒலிவக் கிளையை வெட்டி ஒட்டினாற்போல நம்மைக் கர்த்தர் ஒட்டியிருக்கிறார் என்றார். ராஜபாளையத்தில் மாங்கன்றுத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் எழுந்து, “ஐயா, இது தலைகீழா இருக்கே. நாங்க நாட்டு மரத்து வேர்ல நல்ல சாதிக் கிளையத்தான ஒட்டுவோம்? காட்டுக் கிளைய நல்ல மரத்துல எந்தக் கிறுக்கன் ஒட்டுவான்?” என்றார்.

கடைசிப் பாயிலிருந்து அவள் சொன்னாள்: “அதத்தான் அண்ணாச்சி கிருபைங்கிறாக. முறைப்படி பாத்தா நம்மள ஒட்டியிருக்கவே மாட்டாக.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூப்பர், “சரிம்மா, சாவி யாருக்கு? அதச் சொல்லு” என்றார்.

அவள் எழுந்து நடுவில் வெறுந்தரைக்கு வந்தாள். சாவியை எடுக்கவில்லை. இடுப்பிலிருந்து குடும்ப அட்டையை எடுத்து மூப்பர் கையில் கொடுத்தாள்.

“படிங்க. மேல யாரு பேரு?”

மூப்பர் என் பெயரைப் படித்தார்.

“கீழ?”

அவள் பெயரைப் படித்தார்.

“மேல இருக்கிறவ பத்துப் பன்னெண்டு வருசமா வீட்டுல இல்ல. இல்லங்கிறதுக்காக அந்தப் பேரை நான் அடிக்கல. மூப்பரே, நீங்க அடிக்கச் சொல்லுறீக. மேல இருக்கிற பேரை என் பேராப் போட்டுக்கவும் இல்ல. போதகரே, நீங்க போட்டுக்கச் சொல்லுறீக. அவ பேரு மேல இருக்கிறதாலதான் எனக்கு இந்தக் கார்டு. கீழ இருந்தாலும் எனக்கு அதே அரிசி. அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு கடைக்காரர் ரெண்டு மூட்டை வைக்கல.”

பிறகு அவள் வாசல் பக்கம் கை காட்டினாள். “அந்தா இருக்கா. அவளையே கேளுங்க.”

போதகர் என்னிடம் மரியாதையாக, “அம்மா, நீங்க விசுவாசியா?” என்று கேட்டார்.

“நான் மூத்தவ” என்றேன்.

எழுந்து நின்று, அவளிடம் சொன்ன அதே இரண்டு வயிற்றெரிச்சலையும் சொன்னேன். முள்ளில் மாட்டிய சேலையைச் சொன்னேன். அவள் அதைக் கட்ட மறுத்ததைச் சொன்னேன். பட்டாசு அறையில் என் வாசலை அவள் விட்டுவைத்ததைச் சொன்னேன். “வருசா வருசம் அவ வந்துபோகையில எனக்குப் பொறாமையா இருக்கும். என் வீட்டுல இருந்துக்கிட்டு இவ இம்புட்டுச் சந்தோசமா இருக்காளே, அது நான் இருக்க வேண்டிய இடமாச்சேன்னு. திட்டிக் கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். அந்தப் பொறாமைதான் இன்னைக்கு என்னைய பஸ் ஏத்துச்சு” என்றேன். அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது.

போதகர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “பெறத்தியார் உள்ளே வந்ததே மூத்தவங்களுக்கு அந்தப் பொறாமை வரத்தான்னு வேதத்துல இருக்கு. முப்பது வருசமா வாசிக்கிறேன். இன்னைக்குத்தான் ஆளைப் பாக்கிறேன்” என்றார். பெயரை மாற்றுவது பற்றியும் சனிக்கிழமை பற்றியும் அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூப்பர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். “சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா” என்றார். பிறகு அவரே முழங்கால் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இஸ்ரவேல் ஜனத்துக்காக ஜெபம் பண்ணினார். தள்ளப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை. மூத்த குடும்பம் என்றார்.

சபை உடையவில்லை. பதினைந்து குடும்பமும் ஒரே ஜெப வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் முதல் விண்ணப்பம் மூத்த குடும்பத்துக்கு என்று அன்றைக்கு ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை போதகர் வந்து, இஸ்ரவேலரின் பண்டிகையான பஸ்கா விருந்து வைப்பார். புளிக்காத அப்பத்துக்குக் கோதுமை ரொட்டி, கசப்புக்கு வேப்பங்கொழுந்து. எல்லாரும் மூத்த வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கொம்பு ஊதுவதாக இருந்தால் மட்டும் தெருவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவாள் அவள்.

அன்று கூட்டம் முடிந்ததும், “தண்ணி குடிச்சிட்டுப் போ அக்கா” என்றாள். வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்து கிடந்தது. “பூட்டிட்டுப் போறதில்லையா?” என்றேன். “நீ எப்ப வருவன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

உள்ளே போனேன். அடுப்படிச் சுவரில் நான் அடித்த ஆணியில், நான் வேலைக்குக் கொண்டுபோன தூக்குவாளி அப்படியே தொங்கியது. புளி போட்டு விளக்கியது பளபளவென்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் விளக்குவாளாம். அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் கீழே, புதிதாக ஓர் ஆணி அடித்து அவள் தூக்குவாளி. இத்தனை வருஷமும் என் ஆணியில் என் வாளிதான். அதில் அவள் மாட்டவில்லை. பரணில் என் சேலைகள், மடிப்புக் கலையாமல். அடியில் இருந்தது முள்ளுப் பட்ட சேலை. மறுநாள் அதைத்தான் கட்டினேன். பஸ்ஸுக்குப் போகவில்லை.

அதன் பிறகு ஆறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் இருந்தோம். சண்டை போடாத நாள் கிடையாது. உப்புக்குச் சண்டை, ஜன்னலுக்குச் சண்டை. ஆனால் என் இடத்தில் அவள் உட்கார்ந்ததில்லை; அவள் இடத்திலிருந்து எழுப்ப எனக்கும் முடிந்ததில்லை. ஜெப வீட்டுக்கு அவள் என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. அதனாலேயே போனேன். எழுத்துக்கூட்டி வாசிக்க அங்கேதான் படித்தேன். ஞானஸ்நானம் எடுத்த அன்று குளத்தில் எனக்குப் பின்னால் நின்று முதுகைத் தாங்கினாள். மூத்தவள் நான், இளையவளுக்குப் பிறகு உள்ளே வந்தேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஒரு மார்கழியில் நெஞ்சுச் சளி கட்டி, நாலு நாளில் போய்விட்டாள். அடக்கம் பண்ணும்போது அவள் தலைமாட்டில் நான் நின்றேன். வழி விடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆள் தேவைப்படவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை இரண்டு தூக்குவாளியையும் இறக்கிப் புளி போட்டு விளக்குகிறேன். என்னுடையதை மேல் ஆணியில் மாட்டுகிறேன். அவளுடையதைக் கீழ் ஆணியில் மாட்டுகிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி உறை மோர் வாங்க வந்தாள். தூக்குவாளி ஒன்று கடனாக வேண்டும் என்று கீழ் ஆணிக்குக் கை நீட்டினாள்.

“அதைத் தொடாத தாயி. மேல உள்ளதை எடுத்துக்கோ” என்றேன்.

“ஏன், அது யாரோடது?”

“என் தங்கச்சியோடது. வெளிய போயிருக்கா. வருவா.”